பிட் கூராகத்தான் இருக்கும், ஓட்டை மட்டும் விழாது

போன ஞாயிற்றுக்கிழமை மச்சினன் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தான். "மாமா, இனிமேல் டிரில் பிட்டுக்குக் காசு செலவே இல்லை." பிரித்தால் ஒரு பிளாஸ்டிக் டப்பா, தலையில் அளவு அளவாகத் துளைகள், உள்ளே சுழலும் சின்னக் கல். மழுங்கிய டிரில் பிட்டைச் சாணை பிடிக்கும் கருவி. எட்டு வருடத்துக்கு முன்னால் நான் வாங்கி ஏமாந்த அதே சாமான். நிறம்தான் வேறு.

கண்ணாடி போடுங்கள், தொளதொள சட்டை வேண்டாம் என்பதெல்லாம் பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன். நாம் செய்கிற தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

118 டிகிரியை மட்டும் பார்த்து வாங்குவது

பெட்டியில் பெரிதாக 118 என்று போட்டிருப்பார்கள். அது நுனியின் கோணம். சாதாரண எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டுக்குச் சரியான கோணம்தான். ஆனால் நுனியில் இருக்கும் இரண்டு வெட்டும் விளிம்புகளுக்கும் பின்பக்கம் என்று ஒன்று உண்டு. அது விளிம்பிலிருந்து சுமார் 8 முதல் 12 டிகிரி சரிந்து இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பின்பக்கம்தான் தகட்டின் மேல் போய் உட்காரும். விளிம்பு இரும்பைக் கடிக்கவே கடிக்காது.

என் டப்பா நுனியைப் பென்சில் சீவுகிற மாதிரி சீவியது, அவ்வளவுதான். பிட் பளபளவென்று வந்தது. இரும்புப் பட்டையில் வைத்து அழுத்தினால் கீச்சென்று சத்தம், கொஞ்சம் புகை. கூர் பத்தவில்லை என்று நினைத்து மறுபடி சாணை, மறுபடி புகை. 13 பிட் இருந்த செட்டில் பாதி குட்டையாகிவிட்டது. 8 மி.மீ. பிட்டின் நுனி நீலம் பாரித்தது. கடைசியில் ஒரு லேத் பட்டறைக்காரரிடம் கொண்டுபோனேன். வெளிச்சத்தில் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "பின்னாடி இறக்கமே இல்லையே தம்பி. இது வெட்டாது, தேய்க்கும்." பென்ச் கிரைண்டர் கல்லில் வைத்து, பிட்டின் வாலை மெதுவாகக் கீழே இறக்கினார், இரண்டு பக்கமும் ஒவ்வொரு தடவை. அதே பட்டையில் இரும்பு சுருள் சுருளாக வந்தது. டப்பாவுக்குக் கொடுத்த காசை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதனால் ஒரு மழுங்கிய பிட்டைக் கடைக்கே கொண்டுபோய், சாணை பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். விளிம்புக்குப் பின்பக்கம் மார்க்கரால் கறுப்படித்துத் தகட்டில் இரண்டு விநாடி ஓட்டுங்கள். பின்கோடியில் மை அழிந்திருந்தால் கருவி அங்கேயே இருக்கட்டும். காட்ட மாட்டேன் என்றாலும் அப்படியே.

கோணம் அளக்கத் தனியாகக் காசு கொடுப்பது

ஒரே அளவு அறுகோண நட்டு இரண்டை எடுத்து, பக்கத்தோடு பக்கம் ஒட்டிப் பிடியுங்கள். நடுவில் விழும் பள்ளம் 120 டிகிரி. பிட் நுனி அதில் பொருந்துகிறதா பாருங்கள், வீட்டு வேலைக்கு இது போதும். அப்புறம் இரண்டு விளிம்பும் ஒரே நீளமா என்று பாருங்கள். ஒன்று நீண்டால் ஓட்டை பிட்டைவிடப் பெரிதாகிவிடும்.

கான்கிரீட் பிட்டையும் அதே கல்லில் வைப்பது

அதன் நுனியில் இருப்பது கார்பைடு, மிகக் கடினமான பொருள். சாதாரணச் சாம்பல் நிறக் கல் அதைத் தொடாது. பச்சைக் கல்லோ வைரச் சக்கரமோ வேண்டும்.

3 மி.மீ.க்குக் கீழே உள்ள பிட்டையும் சாணை பிடிப்பது

புதிதாக வாங்குங்கள்.

ஆங்கிள் கிரைண்டரை வைஸில் தலைகீழாகக் கட்டிச் சாணை

வேண்டவே வேண்டாம்.

பெட்டியைப் பிரித்த பிறகு யோசிப்பது

திரும்ப எடுக்க மாட்டார்கள். மச்சினன் கேட்டுப் பார்த்துவிட்டான்.