கோடையில் மலைப்பள்ளத்தாக்கில் பறக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

நாகர்கோவிலில் திருநெல்வேலி பஸ் ஏறினால், தோவாளை தாண்டியதும் ஜன்னலோரம் இருப்பவர் கண்ணாடியை இழுத்து மூடுவார். ஆரல்வாய்மொழி வந்துவிட்டது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். வயல்வெளியில் நிதானமாக வந்த மேற்குக் காற்று இரண்டு மலைகளுக்கு நடுவே நெருக்கப்பட்டதும் வேகம் பிடிக்கிறது. முப்பந்தலில் மின்சாரக் காத்தாடிகளை வரிசையாக நட்டிருப்பதும் அதனால்தான். கிளைடர் என்னும் துணி இறக்கையில் தொங்கிப் பறக்கும் பாராகிளைடிங் படித்துவிட்டு, ஏப்ரல் மே மாதங்களில் இமாசலத்தின் பீர் பில்லிங்குக்குக் கிளம்பும் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் யோசனை கேட்டு வரும்போது, முதலில் இந்த பஸ் ஜன்னலைத்தான் ஞாபகப்படுத்துகிறேன். காற்றைப் பற்றித் தெரிய வேண்டியதில் பாதி அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அங்கே போனதும் அது மறந்துபோகிறது.

நான் சொல்வது பத்து நிமிடம் பயிற்சியாளரோடு சேர்ந்து பறப்பதைப் பற்றி அல்ல. கிராஸ் கண்ட்ரி எனப்படும் தொலைதூரப் பறத்தல் பற்றி. இன்ஜின் கிடையாது. வெயிலில் சூடான நிலத்திலிருந்து எழும்பும் காற்றை, அதாவது தெர்மலைப் பிடித்து, பருந்து போல வட்டமடித்து உயரம் ஏறி, அங்கிருந்து அடுத்த தெர்மல் வரை சறுக்கிக்கொண்டு போக வேண்டும். பில்லிங்கில் சுமார் 2,400 மீட்டரில் கிளம்பி, தௌலாதார் மலைத்தொடரை ஒட்டியே பாலம்பூர், தர்மசாலா பக்கம் போவது அங்கே வழக்கமான பாதை. கோடையில் தெர்மல் பலமாக இருக்கும், தூரமும் எளிதில் கிடைக்கும். ஆபத்தும் அந்தப் பலத்தில்தான் இருக்கிறது.

ஆகப் பெரிய தவறு நேரம் பார்ப்பதில் நடக்கிறது. காலையில் வெயில் முதலில் கிழக்குச் சரிவில் விழுகிறது, பிறகு தெற்கில், பிற்பகலில் மேற்கில். சரிவில் சூடான காற்று மேலே ஏற ஏற, அந்த இடத்தை நிரப்பக் கீழே சமவெளியிலிருந்து காற்று பள்ளத்தாக்குக்குள் புகுகிறது. பதினொரு மணிக்குத் தென்றல் போலத் தொடங்கும் அது இரண்டு மூன்று மணிக்கு முழு வேகம் எடுக்கும். பள்ளத்தாக்கு குறுகும் இடத்திலும், மலையைப் பிளந்துகொண்டு ஆறு இறங்கும் வாயிலும் இன்னும் கடுமை. அப்படியான ஒவ்வொரு வாயும் ஓர் ஆரல்வாய்மொழிதான். ஆனால் மேலே இருப்பவருக்கு அது தெரியாது. இரண்டாயிரம், மூவாயிரம் மீட்டரில் காற்று மென்மையாக இருக்கும். பயணம் நன்றாகப் போகிறது என்ற நம்பிக்கையிலேயே இறங்கி வருவார்கள்.

ஒரு மே மாதம், மதியம் மூன்று மணி சுமாருக்கு, பைஜ்நாத் அருகே பின்வா ஆறு மலையிலிருந்து இறங்கும் இடத்தில் எனக்கு நடந்தது இது. தரையிலிருந்து 400 மீட்டர் உயரம். ஒன்றரை கிலோமீட்டர் முன்னால் ஒரு திறந்த வயலைப் பார்த்து வைத்திருந்தேன். சாதாரண கிளைடர் மணிக்கு 38 கிலோமீட்டர் வேகத்தில் போகும், நொடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக இறங்கும். காற்றே இல்லாவிட்டால் 400 மீட்டர் உயரத்தில் மூன்றரை கிலோமீட்டர் போயிருக்கலாம். எதிர்க்காற்று 30 கிலோமீட்டர் என்றால் மிஞ்சுவது மணிக்கு 8 கிலோமீட்டர். தரை தொடும்வரை இருக்கும் ஆறு நிமிடத்தில் 800 மீட்டர்கூடத் தேறாது. இந்தக் கணக்கை நான் மேலேயே போட்டிருக்க வேண்டும். 150 மீட்டருக்கு வந்தபோதுதான் ஒரு வீட்டு மாடியைக் கவனித்தேன். கொடியில் காயப்போட்ட துப்பட்டாக்கள் தொங்கவில்லை, படுக்கை வாக்கில் நின்றன. கடைசி முப்பது மீட்டர் பின்னோக்கியே நகர்ந்தேன். முதுகுப் பக்கம் மின்கம்பி இருப்பது தெரியும், எவ்வளவு தூரத்தில் என்று திரும்பிப் பார்க்க முடியவில்லை. அறுவடை முடிந்த கோதுமைத் தாளடியில் கால் பட்டதும் வழக்கம்போல கையிலிருக்கும் இரண்டு பிரேக் கயிறுகளையும் இழுத்தேன். கிளைடர் அடங்குவதற்குப் பதில் மீண்டும் காற்றை வாங்கி, வரப்பு வரை என்னை இழுத்துப் போனது.

அந்த ஒரு லேண்டிங்கில் மூன்று தவறுகள் இருக்கின்றன. ஆற்று வாயைத் தாழ்வான உயரத்தில் கடந்தேன். தரைக்காற்றைத் தெரிந்துகொள்ள 150 மீட்டர் வரை காத்திருந்தேன். பலத்த காற்றில் பிரேக்கால் கிளைடரை அடக்கப் பார்த்தேன். கால் ஊன்றியதும் சி ரைசரை, அதாவது கிளைடரின் பின்பக்கக் கயிறுகள் வந்து சேரும் பட்டையைப் பிடித்து இழுத்து, கிளைடரை நோக்கித் திரும்பி ஓடியிருந்தால் அது சுருண்டு விழுந்திருக்கும். தரைக்காற்றுக்கு அடையாளங்கள் எங்கும் உண்டு: அடுப்புப் புகை, குளத்தில் அலை எழும் பக்கம், மரக்கிளை வளைவு. நம் ஊரில் தென்னை ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தே சொல்லிவிடுவோமே, அதே கண்தான் அங்கும் வேண்டும். 500 மீட்டர் உயரத்திலேயே பார்க்கத் தொடங்குங்கள். எதிர்க்காற்றில் முன்னேற முடியவில்லையே என்று தரைக்குப் பக்கத்தில் ஸ்பீடு பாரை, அதாவது வேகம் கூட்டக் காலால் தள்ளும் கம்பியை, முழுதாக மிதிப்பவர்களையும் பார்க்கிறேன். பார் மிதித்தால் கிளைடரின் முன்விளிம்பு தாழ்கிறது. குலுங்கும் காற்றில் அது சட்டென்று மடிந்துவிடும், சரிசெய்ய உயரம் இருக்காது.

அடுத்தது மலையின் மறுபக்கம். வெயில் அடிக்கும் சரிவில் தெர்மல் உண்டு என்பது பாதிப் பாடம். அந்தச் சரிவுக்கு முன்னாலிருந்து காற்று வருகிறதா, முகட்டைத் தாண்டிப் பின்னாலிருந்து இறங்குகிறதா என்பது மீதிப் பாதி. பின்னாலிருந்து இறங்கும் காற்று சுழன்று உருளும். பாலத்தூண் தாண்டிய ஆற்றுநீர் போல. மேலேற்றும் காற்று அங்கேயும் கிடைக்கும், ஆனால் கிளைடரை மடக்கிவிட்டுத்தான் கொடுக்கும்.

மேகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சித்திரை வைகாசியில் கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த வரிசை பழக்கம்: காலையில் வானம் துடைத்துவிட்டாற்போல, பதினொன்றுக்கு மலைமேல் பஞ்சுப் பொதிகள், ஒரு மணிக்கு அவை ஒன்றோடொன்று சேரும், மூன்றுக்கு அடி கறுக்கும், நாலுக்கு இடி. தௌலாதாரிலும் கோடை மாதங்களில் பல நாட்கள் இப்படித்தான். பஞ்சுப் பொதி உயரமாக வளரத் தொடங்கும் கட்டத்தில் அதன் அடியில் தெர்மல் அருமையாக இருக்கும். வட்டமே போட வேண்டாம், நேராகப் போனாலே தூக்கிக்கொண்டு போகும். இதை அதிர்ஷ்டம் என்று நினைப்பதுதான் தவறு. 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனிலாவில் எவா விஷ்னியர்ஸ்கா என்ற ஜெர்மன் வீராங்கனையை இடிமேகம் உள்ளே இழுத்து 9,946 மீட்டர் வரை கொண்டுபோனது. மயங்கி, உடல் உறைந்து, பிழைத்துத் தரை சேர்ந்தார். அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் ஹே சோங்பின் இறந்துபோனார். மேகம் உயரமாக வளர்கிறது, அடிப்பாகம் இருள்கிறது என்றால் பள்ளத்தாக்கின் நடுப்பக்கம் விலகிப் போய் இறங்கிவிடுங்கள். மழை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளிப் பெய்தாலும் அதிலிருந்து வெளிவரும் குளிர்காற்று உங்களை வந்து அடிக்கும்.

உயரம் கிடைத்த மகிழ்ச்சியில் பின்மலைகளுக்குள் நுழைவது இன்னொன்று. அங்கே இறங்க இடமில்லை, செல்போன் சிக்னல் இல்லை. வெளிநாட்டு நண்பர் கொடுத்தார் என்று செயற்கைக்கோள் தொடர்புக் கருவியை எடுத்துப் போகாதீர்கள். இந்தியாவில் அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது சட்டப்படி குற்றம். ரேடியோ, முழு சார்ஜ் ஏற்றிய போன், எந்தப் பாதையில் போகிறேன் என்று கீழே ஒருவரிடம் சொல்லிவைப்பது, இவைதான் கைவசம் உள்ளவை. குளிரும் ஏமாற்றும். ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி குறையும். அரைக்கைச் சட்டையில் வியர்த்துக்கொண்டு கிளம்பியவர் 3,500 மீட்டரில் விரல் மரத்து பிரேக்கைப் பிடிக்க முடியாமல் தவிப்பார். தண்ணீர் பையும் கையுறையும் கட்டாயம்.

"நம்ம ஊர் மலையிலேயே பறந்தா என்ன அண்ணே?" என்று மருந்துவாழ் மலையையும் தாடகை மலையையும் காட்டிக் கேட்கிறார்கள். வேண்டாம் தம்பி என்றுதான் சொல்வேன். இரண்டு பக்கமும் கடல், நடுவே கணவாய். காற்று எப்போது எந்தப் பக்கம் மாறும் என்று சொல்ல முடியாது. கீழே காத்தாடி இறக்கைகள், உயர் அழுத்த மின்கம்பிகள், தென்னந்தோப்புகள். மேலே காடு வனத்துறையின் கையில். மகேந்திரகிரியில் இஸ்ரோ. தரையில் கிளைடரை எழுப்பிப் பழக ஒரு நல்ல திறந்த மைதானம் போதும். அந்தப் பழக்கம் பறப்பதைவிட அதிகம் கற்றுத்தரும்.

பீரில் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை பறக்கத் தடை, அதனால் பலர் ஜூனிலேயே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அப்போது இங்கே சாரல். கிளைடரைப் பையோடு கட்டிலடியில் தள்ளிவிட்டால் நம் கடற்கரை ஈரத்துக்குத் துணியில் பூஞ்சை பிடிக்கும். ரிசர்வ் பாராசூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, விரிய வேண்டிய நேரத்தில் தாமதிக்கும். வெயில் படாத, காற்றோட்டமான அறையில் இரண்டையும் ஒரு நாள் விரித்துப் போடுங்கள். ரிசர்வை மடிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து மறுபடி மடித்து வாங்கி, அந்தத் தேதியை ஹார்னஸ் எனப்படும் பட்டை இருக்கையின் பையிலேயே ஒரு சீட்டில் எழுதி வையுங்கள்.