இங்கிலாந்துக்குப் போகும் நம் ஊர்க்காரர்களுக்கு: தண்ணீர் மீட்டர் லாபமா?

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கத்திலிருந்து இங்கிலாந்துக்கு வேலைக்குக் கிளம்புகிற பிள்ளைகள், அங்கே குடியிருந்து திரும்பிய என்னைப் போன்றவர்களிடம் வாடகையைப் பற்றிக் கேட்கிறார்கள், பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்கிறார்கள், இட்லி அரிசி எந்தக் கடையில் கிடைக்கும் என்றுகூடக் கேட்கிறார்கள். தண்ணீர் பில்லைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. அதில் வியப்பும் இல்லை. நம் ஊரில் தண்ணீர்க் கவலை என்றால் நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை விடுவார்கள், தொட்டி நிறைந்ததா, உப்புத் தண்ணீர் மோட்டார் ஓடுகிறதா என்பதுதான். அங்கே குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர் வரும். கவலை முழுவதும் பில்லில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் இங்கிலாந்து, வேல்ஸ் வீடுகளின் சராசரி ஆண்டுக் கட்டணம் 123 பவுண்டு கூடி 603 பவுண்டைத் தொட்டது. இனிமேல் இதைச் சில்லறைச் செலவு என்று ஒதுக்க முடியாது.

முறைப்படி செய்ய வேண்டியவை அதிகமில்லை. மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் நிறுவனத்தை நாம் தேர்ந்தெடுக்கலாம், தண்ணீருக்கு முடியாது. 1989இல் தனியாருக்குக் கைமாறிய பிறகும் ஒரு வட்டாரத்துக்கு ஒரு நிறுவனம்தான், சில ஊர்களில் குடிநீருக்கு ஒன்றும் கழிவுநீருக்கு வேறொன்றும் இருக்கும். உங்கள் முகவரிக்கு உரிய நிறுவனம் எது என்று பார்த்து, சாவி வாங்கிய அன்றே பெயரைப் பதிந்து, மீட்டர் இருந்தால் அது காட்டும் எண்ணைப் படம் பிடித்து அனுப்பிவிடுங்கள். ஸ்காட்லாந்துக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் உள்ளாட்சி வீட்டுவரியான கவுன்சில் டாக்ஸோடு சேர்ந்து தண்ணீர்க் கட்டணம் வரும், அங்கே மீட்டர் வேண்டுமென்றால் சொந்தச் செலவு. வட அயர்லாந்தில் வீடுகளுக்குத் தனித் தண்ணீர் பில்லே கிடையாது. ஆகையால் கீழே நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் பொருந்தும்.

மீட்டர் இல்லாத வீட்டுக்குக் கட்டணம் போடும் விதம் நம்மவர்களுக்கு முதலில் நம்பவே முடியாததாக இருக்கும். அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும் என்று 1970களில் கணித்து, 1990க்குப் பிறகு திருத்தாமலே விட்டுவிட்ட ஒரு மதிப்பை வைத்துத்தான் இன்றும் கணக்குப் போடுகிறார்கள். வீட்டில் ஒருவர் இருந்தாலும் ஏழு பேர் இருந்தாலும் தொகை ஒன்றே. மீட்டர் இருக்கும் வீட்டில் ஓடிய தண்ணீருக்குக் கனமீட்டர் கணக்கில், அதாவது ஆயிரம் லிட்டருக்கு இவ்வளவு என்று, கட்டணம் வரும். உள்ளே வந்த தண்ணீரில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போயிருக்கும் என்று வைத்துக் கழிவுநீருக்கும் அதே அளவைக் கொண்டு பணம் கேட்பார்கள். 1990க்குப் பின் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் மீட்டர் இருக்கும். பழைய வரிசை வீடுகளுக்குப் போகிறவர்களுக்குத்தான் போடுவதா வேண்டாமா என்ற கேள்வி எழும்.

இந்தக் கேள்விக்கு விடை தேடி அலுவலகத்தில் ஆளுக்கு ஆள் பில்லை ஒப்பிட்டுப் பார்ப்பதைப் போல வீண் வேலை வேறில்லை. ஒருவர் ஆறு மாதத் தொகையைச் சொல்வார், இன்னொருவர் ஆண்டுத் தொகையைச் சொல்வார். ஒருவருடைய பில்லில் கழிவுநீர் சேர்ந்திருக்கும், மற்றவருக்கு அது தனியாக வேறு நிறுவனத்திலிருந்து வரும். ஒருவர் வீட்டில் கணவன் மனைவி மட்டும், இன்னொருவர் வீட்டில் ஊரிலிருந்து வந்த பெற்றோரையும் சேர்த்து ஆறு பேர். இத்தனையும் கலந்துவிட்டு, 'எனக்குப் பாதியாகக் குறைந்தது, நீயும் போட்டுவிடு' என்று அறிவுரை வேறு. அங்கே பொதுவாகச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: படுக்கையறைகளின் எண்ணிக்கையைவிட ஆட்கள் குறைவாகவோ சமமாகவோ இருந்தால் மீட்டரைப் பற்றி யோசிக்கலாம். இன்னும் சரியாகத் தெரிந்துகொள்ள, தண்ணீர் நுகர்வோர் மன்றத்தின் (CCW) இணையத்தளத்தில் ஒரு கணிப்பான் இருக்கிறது. வாரத்துக்கு எத்தனை முறை துணி துவைப்பீர்கள், குளியல் எப்படி என்றெல்லாம் கேட்டு ஒரு தொகையைச் சொல்லும். ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாகச் சுமார் 140 லிட்டர் செலவழிப்பதாக அங்கே கணக்கு. கையில் உள்ள பழைய பில்லின் அருகில் அந்தத் தொகையை வைத்துப் பார்த்தால், கூடப் பணிபுரிகிறவரின் பில் தேவைப்படாது.

கணிப்பான் சொல்லாத ஒன்றில்தான் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி சிக்கினார். பெருந்துறைக்காரர், மூன்று படுக்கையறை கொண்ட பழைய வீட்டில் மனைவியோடு வாடகைக்கு இருந்தார். ஆறு மாதமோ அதற்கு மேலோ ஒப்பந்தம் இருந்தால் வாடகைதாரரே மீட்டர் கேட்கலாம் என்பதை அறிந்து, வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விண்ணப்பித்தார். செலவில்லாமல் வந்து பொருத்திவிட்டுப் போனார்கள். ஆறு மாதம் கழித்து வந்த முதல் பில் பழைய தொகையைவிட அதிகமாக இருந்தது. அந்தச் சமயம் பார்த்து மாமனாரும் மாமியாரும் ஊரிலிருந்து வந்து தங்கியிருந்தார்கள். யார் மேல் பழி விழுந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாமனார் முற்றத்துத் தொட்டியில் கொத்தமல்லி போட்டு நீர் விட்டதும், அத்தை சேலைகளைக் கையால் அலசியதும் வீட்டுக்குள் பேச்சாகிவிட்டது. "அத்தனையும் நானுங்களா ஊத்திப்போட்டேன், மாப்பிள்ளை?" என்று அந்தப் பெரியவர் கேட்டாராம். பக்கெட்டில் மொண்டு குளிக்கிற பழக்கம் உள்ளவர்களை இதற்காகக் குறை சொல்வது அறியாமை. இரண்டு பக்கெட் தண்ணீர் நாற்பது லிட்டரைத் தாண்டாது, அங்கே குளியல் தொட்டியை ஒருமுறை நிரப்பினால் அதைப்போல இரண்டு மடங்கு ஆகும்.

பில் ஏன் கூடியது என்று கண்டுபிடித்தவரும் அந்த மாமனார்தான். வாய்க்கால் முறைத் தண்ணீருக்கு இரவில் மடை காத்துப் பழகியவர், நடைபாதை ஓரத்தில் இருந்த இரும்பு மூடியைத் தூக்கி, செல்போன் வெளிச்சத்தில் மீட்டரைப் பார்த்திருக்கிறார். எண்களுக்குப் பக்கத்தில் சிறு சக்கரம் ஒன்று மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. "எல்லாரும் தூங்குற நேரத்துல இது எதுக்குங்க சுத்துது?" என்று கேட்டதும்தான் மாப்பிள்ளைக்கு உறைத்தது. கசிவு கழிப்பறையில் இருந்தது. இரண்டு பொத்தான் வைத்த ஃப்ளஷ் டேங்கில், அடியில் இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்தாலோ சுண்ணாம்பு படிந்தாலோ, தண்ணீர் பீங்கானின் பின்சுவரை ஒட்டிக் கண்ணாடித் தாள் போல மெல்லியதாக வழிந்துகொண்டே இருக்கும். சத்தம் கேட்காது, தரையும் நனையாது. மீட்டர் இல்லாத காலத்தில் யாருக்கும் அது செலவு வைக்கவில்லை, ஆகையால் யாரும் பார்க்கவும் இல்லை. மீட்டர் வந்த நாளிலிருந்து அத்தனையும் குடியிருப்பவர் கணக்கு. நாளைக்கு 200 லிட்டர் கசிந்தாலே ஆண்டுக்கு 73 கனமீட்டர். குடிநீரும் கழிவுநீரும் சேர்த்துக் கனமீட்டருக்கு நான்கு பவுண்டு என்று வைத்துக்கொண்டால் 292 பவுண்டு, அதாவது வீட்டில் கூடுதலாக ஓர் ஆள் இருப்பதைவிட அதிகம். கீழ்பவானி வாய்க்காலுக்குக் காங்கிரீட் போட்டால் கசிவுநீர் நின்று கிணறு வற்றிவிடும் என்று போராடியவர்கள் இருக்கிற பூமியில் பிறந்துவிட்டு, கசிவுக்குப் பவுண்டில் பணம் கட்டுவது எவருக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும்.

அதன்பின் நடந்தது அதைவிட எரிச்சல். நிலத்தடிக் குழாயில் கசிந்திருந்தால், பழுது பார்த்த பிறகு நிறுவனங்கள் கூடுதல் தொகையைத் தள்ளிக் கொடுப்பதுண்டு. வீட்டுக்குள் இருக்கும் டேங்க், குழாய் இவற்றின் கசிவுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. அப்படித்தான் அந்தத் தம்பிக்கும் பதில் வந்தது. கழிப்பறையையும் குழாய்களையும் பழுதின்றி வைத்திருப்பது இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக்காரர் கடமை, எனவே அவர் ஆளை அனுப்பி வால்வை மாற்றினார். பில்லை நீட்டியபோது மட்டும், ஓடிய தண்ணீர் உங்கள் தண்ணீர் என்று கைவிரித்துவிட்டார். கசிவு நின்ற பிறகு வந்த பில் பழைய தொகைக்குக் கீழே இறங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். மீட்டரில் குற்றமில்லை, அதைக் கேட்ட வரிசையில்தான் குற்றம்.

ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே சோதியுங்கள். கேசரிக்கு வாங்கி வைத்திருக்கும் கேசரிப் பவுடரில் ஒரு சிட்டிகையை ஃப்ளஷ் டேங்கில் போட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் விட்டுப் பாருங்கள். கிண்ணத்தில் நிறம் இறங்கியிருந்தால் கசிகிறது. படமெடுத்து, வீட்டுக்காரருக்கோ ஏஜென்டுக்கோ மின்னஞ்சலில் எழுதுங்கள், வாய்ப்பேச்சு போதாது. சரிசெய்த பிறகு மீட்டர் கேளுங்கள். ஏற்கெனவே மீட்டர் உள்ள வீட்டுக்குப் போகிறவர்கள் முதல் இரவே இந்தச் சோதனையைச் செய்து, படுக்கும் முன்னும் விடிந்ததும் மீட்டர் எண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கறுப்பு எண்கள் கனமீட்டர், சிவப்பு எண்கள் லிட்டர். இரவில் சிவப்பு எண் நகரக் கூடாது.

மீட்டர் ஒத்துவரவில்லை என்றால் பழைய முறைக்குத் திரும்பலாம், பெரும்பாலான நிறுவனங்கள் இரண்டு ஆண்டு அவகாசம் தருகின்றன. ஆனால் நீங்கள் கேட்டுப் போட்ட மீட்டருக்குத்தான் அந்த வசதி. முன்னே இருந்தவர் போட்டுவிட்டுப் போன மீட்டரை நீங்கள் வேண்டாம் என்று சொல்ல முடியாது. தண்ணீர் தட்டுப்பாடு உள்ள தென்கிழக்குப் பகுதிகளில் நிறுவனமே கட்டாயமாகப் பொருத்தவும் முடியும். குழந்தை பிறக்கப் போகிறது, ஊரிலிருந்து பெற்றோர் மாறி மாறி வருவார்கள் என்றால், அந்த இரண்டு ஆண்டு முடிவதற்குள் இன்னொரு முறை கணக்குப் பாருங்கள். அடுக்குமாடியில் மீட்டர் பொருத்த வழியில்லை என்று சொல்லிவிட்டால் விட்டுவிடாதீர்கள். மதிப்பீட்டுக் கட்டணம் (assessed charge) என்று கேட்டால், தனியாக இருப்பவர்களுக்குப் பல இடங்களில் அது குறைவாக வரும். மீட்டர் உள்ள வீட்டில் மூன்று குழந்தைகளோ தண்ணீர் அதிகம் தேவைப்படும் நோயோ இருந்தால் பில்லுக்கு உச்சவரம்பு வைக்கும் வாட்டர்ஷுர் என்ற திட்டம் உண்டு, ஆனால் அதற்கு அரசு உதவித்தொகை பெறுபவராக இருக்க வேண்டும். வேலை விசாவில் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் அந்த உதவித்தொகைக்கே உரிமை இல்லை என்பதால் அதை நம்பி இருக்க வேண்டாம்.

பணம் கட்டாவிட்டாலும் வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்தச் சட்டத்தில் இடமில்லை என்று தெரிந்துகொண்டு பில்லை அலமாரியில் போட்டு வைப்பவர்களும் இருக்கிறார்கள். தண்ணீர் வந்துகொண்டிருக்கும், கடன் வரலாற்றில் கறையும் சேர்ந்துகொண்டிருக்கும். பின்னாளில் வீட்டுக்கடன் கேட்கும்போது அது எதிரே வந்து நிற்கும். வீடு மாறும்போது சாவியைக் கொடுக்கிற அன்று கடைசி எண்ணைப் படம் பிடித்து அனுப்பி, புது முகவரியையும் எழுதிக் கொடுத்து, கடைசி பில்லைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகு வங்கியில் தானாகப் போகும் கட்டணத்தை நிறுத்துங்கள்.