களை அனிமோனைச் சுரண்டாதீர்கள்: பவளத் தொட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கடல்நீர்த் தொட்டிக்காக, களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போய் வாங்கி வந்த பாறையின் இடுக்கில், விரல்நகம் அளவுகூட இல்லாத பழுப்பு நிற உயிர் ஒன்று கைவிரித்து நின்றது. அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்தேன். ஐப்டேசியா என்னும் களை அனிமோன் (களையாய்ப் பரவும் கடல் சாமந்தி) அது என்பது, அதன் கொட்டும் இழைகள் பட்டுப் பக்கத்துப் பவளம் சுருங்கிய பிறகுதான் தெரிந்தது. உடனே கத்தி முனையால் சுரண்டினேன். ஒன்று இருந்த இடத்தில் சில வாரங்களில் ஏழெட்டு முளைத்தன.

பலரும் முதலில் செய்யும் தவறு இதுவே. ஐப்டேசியாவின் அடிப்பாதத்திலிருந்து சிறு துணுக்குப் பாறையில் எஞ்சினாலும் அது முழு உயிராக வளர்ந்துவிடும். தென்னந்தோப்பில் கோரையை மேலோடு வெட்டிவிட்டுக் கிழங்கை மண்ணிலேயே விட்டால் என்ன ஆகுமோ, அதுவே இங்கும் ஆகிறது.

சுரண்டுவதற்குப் பதிலாக, கலப்பில்லாத கால்சியம் ஹைட்ராக்சைடை (நீற்றிய சுண்ணாம்பை)ச் சிறிது நீரில் குழைத்துச் சிரிஞ்சில் எடுத்து, பம்புகளை நிறுத்தி, அனிமோன் விரிந்திருக்கும்போதே அதன் வாயின் மேல் மெல்ல விட வேண்டும். அவசரப்பட்டு முனையால் இடித்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் பொந்துக்குள் ஒடுங்கிவிடும்; அப்போது பொந்தையே குழம்பால் மூடிவிடுவது நல்லது. வெற்றிலைச் சுண்ணாம்பு போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அதில் வேறு என்னென்ன சேர்ந்திருக்கும் என்று தெரியாமல் தொட்டிக்குள் விட எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் தீர்த்துவிட நினைப்பதும் தவறு: 8.1 முதல் 8.4 வரை இருக்க வேண்டிய நீரின் பிஎச் (அமில-காரத் தன்மை) அளவு சட்டென்று ஏறினால், பவளங்களும் மீன்களும் சேர்ந்து அவதிப்படும். நாளுக்கு இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். கண்ணில் தெறித்தால் ஆபத்து என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தே செய்யுங்கள்.

பாறையையே எடுத்துக் கொதிக்க வைத்துவிடலாம் என்று ஒருபோதும் நினைக்காதீர்கள். அதில் பாலித்தோவா என்னும், பவளத்துக்கு உறவான உயிர்கள் ஒட்டியிருந்தால் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு ஆவியோடு வெளிவரும். அதைச் சுவாசித்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் உண்டு. சமையலறை அடுப்பில் இதைச் செய்தால் வீட்டில் உள்ள அனைவருக்கும் ஆபத்து.

பெப்பர்மின்ட் இறால் ஐப்டேசியாவைத் தின்னும் என்பது உண்மை. ஆனால் அதைப் போலவே தோன்றும் கேமல் இறாலைத் தவறுதலாக வாங்கினால் அது பவளங்களையே மேய்ந்துவிடும். உடலில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அது கேமல் இறால். பெர்கியா என்னும் கடல் நத்தைக்கு ஐப்டேசியாவைத் தவிர வேறு இரை கிடையாது என்பதால், களை தீர்ந்ததும் அது பட்டினியில் சாகும்.

முட்டம், குளச்சல் கரைகளில் கல் கிடைக்கிறதே என்று எடுத்து வருவதும் வேண்டாம். களை உயிர்கள் உடன் வரும் என்பது ஒருபுறமிருக்க, பவளங்களைக் கடலிலிருந்து எடுப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். கடையில் வாங்கும் பாறையையும் நேரே தொட்டியில் இறக்காமல், கடல்நீர் நிரப்பிய தனி வாளியில் விளக்கும் சிறு பம்பும் வைத்துச் சில வாரங்கள் போட்டுவைத்து, இரவில் டார்ச் அடித்து ஒவ்வோர் இடுக்கையும் பாருங்கள். அங்கே ஒன்று தலைகாட்டினால், பக்கத்தில் பவளமோ மீனோ இல்லாததால், அந்த வாளியிலேயே தயங்காமல் சுண்ணாம்பை விடலாம்.