செட்டிநாட்டு முகப்புக்கு மேல் பால்வீதி: லேயர் போட்டு எடிட் செய்யும் முறை

ஜூனில் நள்ளிரவை ஒட்டி பால்வீதியின் மையப்பகுதி தென்வானில் சுமார் 50 பாகை உயரத்துக்கு வரும். காரைக்குடிக்கு வடக்கே உள்ள கானாடுகாத்தானில் ஒரு வீட்டை முன்வைத்துத் தெற்கு நோக்கி எடுத்தால் இரண்டு தொல்லைகள் கூடவே வரும்: அடிவானத்தில் காரைக்குடி வெளிச்சம், முகப்பின் உச்சியில் வரிசைகட்டும் சுதைப் பொம்மைகள்.

வானத்துக்கு 14 மி.மீ. லென்ஸ், லென்ஸ் துளை எஃப் 2.8, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200, 15 விநாடி வீதம் 16 படங்கள். முக்காலியை அசைக்காமல் வீட்டுக்கென ஐஎஸ்ஓ 800-இல் 2 நிமிடப் படம் ஒன்று. பதினாறையும் சீக்குவேட்டர் என்ற மென்பொருளில் ஸ்டாக் செய்தால், அதாவது விண்மீன்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி ஒரே படமாக்கினால், நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளி இரைச்சல்) நாலில் ஒரு பங்காகும். 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். நிறப்படிகள் குறைவான 8 பிட் என்றால், கர்வ்ஸை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வளைகோடு) இழுக்கும்போது வானம் பட்டை பட்டையாகப் பிரியும்.

போட்டோஷாப்பில் வானம் கீழ் லேயர், வீடு மேல் லேயர். வீட்டுப் படத்தின் நீலச் சேனலை நகலெடுத்து லெவல்ஸில் கறுப்பு, வெள்ளை எல்லைகளை இருபுறமும் நெருக்கினால் வானம் வெளுக்கும், வீடு கறுக்கும். தெருவிளக்கு பட்ட சுவர் மட்டும் வெளுத்தே நிற்கும்; அதைக் கறுப்புப் பிரஷ்ஷால் நிரப்பி, இன்வர்ட் செய்து (கறுப்பு வெள்ளையை மாற்றி) வீட்டு லேயருக்கு மாஸ்க்காக வையுங்கள்; மாஸ்க்கில் வெள்ளையான இடம் தெரியும், கறுப்பான இடம் மறையும். ஓரத்தை மென்மையாக்கும் ஃபெதர் 1 பிக்சல் போதும். பொம்மையின் கைக்கும் இடுப்புக்கும் நடுவே தெரியும் வானத்தை 200% பெரிதாக்கிச் சரிபாருங்கள். தானியங்கி செலக்‌ஷன் பெரும்பாலும் அங்கேதான் தவறும்.

மாஸ்க் சரியாக இருந்தும் பொம்மையின் ஓரத்தில் நிழல் தெரிகிறதா? கோளாறு வான லேயரில். ஸ்டாக்கில் விண்மீன்களை நிறுத்தி வைப்பதால் வீடு நகர்ந்து தீற்றலாகிவிடும். தெற்கே தாழ்வான விண்மீன்கள் கிழக்கிலிருந்து மேற்காக நகர்வதால் தீற்றலும் பக்கவாட்டில்தான் விழும். மாஸ்க்கை உள்ளே தள்ளாதீர்கள், பொம்மை மெலிந்துபோகும். வான லேயரில் அந்த இடத்தைப் பக்கத்து வானத்தை நகலெடுத்து ஒட்டும் குளோன் ஸ்டாம்ப்பால் மூடுங்கள்.

காரைக்குடி வெளிச்சத்தைக் கழிக்க, கர்வ்ஸுக்கு முன்பே வான லேயரை நகலெடுங்கள். அந்த நகலில் பால்வீதியையும் கீழே இருக்கும் வீட்டையும் குளோனால் மறைத்து, மீடியன் ஃபில்டரால் விண்மீன்களை நீக்கி, காசியன் பிளர் (மங்கலாக்கும் ஃபில்டர்) 150 பிக்சல் கொடுங்கள். பிளெண்டிங் மோட் சப்ட்ராக்ட் (கீழ் லேயரிலிருந்து கழிப்பது), ஒபாசிட்டி (லேயரின் அழுத்தம்) 60%. பால்வீதியை மறைக்காவிட்டால் வெளிச்சத்தோடு அதுவும் கழிந்துபோகும். வீட்டை மறைக்காவிட்டால் கூரைக்கு மேல் வெளிச்சப் பட்டை ஒன்று மிஞ்சும். ஒபாசிட்டியை 100% வைத்தால் வானம் கரியாகிவிடும்.

கடைசியாக, வானத்துக்கு மட்டும் கிளிப் செய்த கர்வ்ஸ் லேயர். ஒரேயடியாக இழுக்காமல் இரண்டு மூன்று தடவை மெல்ல இழுங்கள். ஹிஸ்டோகிராமின் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) இடது கால் சுவரில் முட்டக்கூடாது. வீட்டைப் பகல்போல வெளுக்க வேண்டாம், சுதை வேலைப்பாட்டின் நிழல் தெரிந்தாலே போதும்.