வெளிநாட்டு உதவித் திட்டத்துக்கு இணையதளம் அமைப்பது எப்படி? தருமபுரியிலிருந்து சில யோசனைகள்

ஓர் அரசு இன்னொரு நாட்டுக்குக் கடனாகவோ மானியமாகவோ தரும் பணத்தில் நடக்கும் திட்டத்துக்கு இணையதளம் வேண்டும் என்றால், வடிவமைப்பாளர்கள் முதலில் லோகோவைக் கேட்கிறார்கள். இரண்டு நாட்டுக் கொடிகள், கைகுலுக்கும் படம், வாழ்த்துரை என்று முகப்பு நிரம்பிவிடுகிறது. என்னிடம் இணையதள வேலை பழக வரும் பிள்ளைகளிடம் நான் முகப்பைப் பற்றிப் பேசுவதே இல்லை. பாலக்கோட்டுப் பக்கம் ஓர் அம்மா, தெருக்குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று கைபேசியில் தேடினால் எந்தப் பக்கத்தில் போய் நிற்பார்? அதை முதலில் வரையச் சொல்வேன்.

பயிற்சிக்கு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தையே கொடுப்பேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் கறை, எலும்பில் பாதிப்பு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. காவிரி நீரைச் சுத்திகரித்து இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டுவர ஜப்பான் அரசின் கடன் கிடைத்தது. முதல் கடன் ஒப்பந்தம் 2008 மார்ச்சில் கையெழுத்தானது. 2013-இல் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது. செயல்படுத்தியது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். இப்படிப்பட்ட திட்டத்துக்கு ஒரு தளம் வரையுங்கள் என்பேன்.

பார்க்க வருகிறவர்கள் மூன்று வகை. கடன் கொடுத்த நாட்டில் வரி கட்டுகிறவருக்குத் தன் பணம் எங்கே போனது என்று தெரிய வேண்டும். ஒப்பந்ததாரருக்கு டெண்டர் வேண்டும். குழாயடியில் நிற்பவருக்குத் தண்ணீர் வேண்டும். முதல் இருவரும் கணினி முன் உட்கார்ந்து நாலு சொடுக்குத் தள்ளியும் தேடுவார்கள். மூன்றாமவர் தேடமாட்டார், ஆகவே அவருக்கே முதல் இடம்.

ஊருக்கு ஒரு பக்கம் என்று வையுங்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் என்றால் யாரும் கையால் எழுத முடியாது. ஓர் அட்டவணையிலிருந்து தானாக உருவாகட்டும். ஊர்ப்பெயர், நீர்த்தேக்கத் தொட்டி, கடைசியாக நீரைச் சோதித்த தேதி, அதில் கண்ட ஃபுளோரைடு அளவு, புகாருக்கான தொலைபேசி எண். போதும். அந்த எண்ணில்தான் பலர் சறுக்குகிறார்கள். கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில் வாரியம் மொத்தமாகத் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கிறது. தெருவுக்கு விநியோகிப்பது உள்ளாட்சி. 'எங்கள் தெருவில் மட்டும் வரவில்லை', 'ஊருக்கே வரவில்லை' என்று இரண்டு பொத்தான்கள் வைத்து, இரண்டும் வெவ்வேறு எண்ணுக்குப் போகும்படி செய்யுங்கள். மின்னஞ்சல் முகவரியும், மனிதர்தானா என்று சோதிக்கும் எழுத்துப் புதிரும் கேட்கும் நீளமான படிவத்தை வைத்தால் புகாரே வராது. அதைப் பார்த்துச் சிலர் மகிழ்வார்கள் என்பது வேறு கதை.

தேடல் பெட்டி தனி வேலை. தருமபுரி, தர்மபுரி இரண்டும் எழுதுகிறார்கள். ஒகேனக்கல், ஹொகேனக்கல் இரண்டும் உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் நிறைய. ஒவ்வோர் ஊருக்கும் மாற்று எழுத்துகளின் பட்டியலைத் தயாரியுங்கள். அதற்கு அந்தந்த ஊர்க்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

ஆவணங்களைப் பெறும்போது முகம் சுளிக்காதீர்கள். பழைய கோப்புகள் வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கும். அப்படியே ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக விழும். தமிழ்நாடு அரசு 2010-இலேயே எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறையை ஏற்றுவிட்டது என்றாலும் அலமாரிகள் அதை அறியவில்லை. எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தபின் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் சரியாக வந்தனவா என்று ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். ஸ்கேன் செய்த பி.டி.எஃப். மட்டும் இருந்தால், முக்கிய எண்களையாவது தட்டச்சு செய்து பக்கத்தில் வையுங்கள்.

எண்களுக்கு இன்னொரு கவனம். ஜப்பான் தரப்பு ஆவணத்தில் மில்லியன் யென் இருக்கும், நம் தரப்பில் கோடி ரூபாய். இரண்டையும், எந்தத் தேதியின் மாற்று விகிதம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். கடன் என்றால் வட்டியும் திருப்பிச் செலுத்தும் காலமும் முதல் திரையிலேயே தெரியட்டும். தரவை 'ஐயாட்டி' எனப்படும் பன்னாட்டு உதவி வெளிப்படைத்தன்மை முறைப்படி கணினிகள் படிக்கும் எக்ஸ்.எம்.எல். கோப்பாகவும் வெளியிடலாம், பிரிட்டன் தன் உதவிப் பணத்தின் கணக்கைக் காட்டும் டெவ்டிராக்கர் தளம் அப்படிப்பட்ட கோப்புகளில்தான் இயங்குகிறது.

படங்களைப் பற்றி நான் சற்றுக் கடுமையாகவே பேசுவேன். ஃபுளோரைடு மிகுதியால் வரும் ஃபுளோரோசிஸ் நோயால் கால் வளைந்த குழந்தையின் படத்தை முகப்பில் போட்டால் கொடுத்தவர் நெகிழ்வார் என்பது உண்மைதான். அந்தக் குழந்தை வளர்ந்து கல்யாணப் பேச்சு நடக்கும் வயதில் அதே படம் தேடலில் வந்து நிற்கும். பெற்றோர் கையெழுத்து வாங்கினேன் என்று சொல்வதில் எனக்குத் திருப்தியில்லை. அதிகாரியோடு வந்து கேட்டால் நம் ஊரில் யார் மறுப்பார்கள்? நீரேற்று நிலையத்தைப் போடுங்கள், குழாயைப் போடுங்கள், சோதனைச்சாலையில் வேலை செய்யும் பெண்ணை அவர் சம்மதத்துடன் போடுங்கள்.

அஞ்செட்டி மலைப்பக்கம் சிக்னல் நிற்பதில்லை. நகரும் படவரிசையை எடுத்துவிட்டு, விலை குறைந்த பழைய கைபேசியில் திறந்து பாருங்கள். தமிழுக்கு வரி இடைவெளி எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் வேண்டும். இல்லாவிட்டால் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகரக் கொக்கியும் மோதும். பொத்தானில் 'விண்ணப்பிக்கலாம்' உடைந்து இரண்டு வரியாவதையும் பாருங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கட்டும். இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகளின் 2023 பதிப்பில் மாற்றுத்திறனாளிகளுக்கான மற்ற தேவைகளும் உண்டு.

பிறகு ஆயுள். ஒகேனக்கல் கடனில் கையெழுத்திட்ட ஜப்பான் பன்னாட்டு ஒத்துழைப்பு வங்கியின் வெளிநாட்டுக் கடன் பிரிவு, அதே 2008 அக்டோபரில் ஜப்பானின் உதவி நிறுவனமான ஜைக்காவோடு இணைந்தது. பிரிட்டனின் பன்னாட்டு வளர்ச்சித் துறை 2020-இல் வெளியுறவுத் துறைக்குள் போனது. அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டின் தளம் 2025 பிப்ரவரியில் ஒரே வாரஇறுதியில் மறைந்தது. நம் பக்கமும் கிருஷ்ணகிரி 2004-இல்தான் தனி மாவட்டமானது. ஆகவே இணைய முகவரியில் துறைப்பெயரையும் மாவட்டப்பெயரையும் சேர்க்காமல் திட்ட எண்ணை மட்டும் வையுங்கள். ஊர்ப் பக்கங்களின் நகலை உள்ளாட்சி அலுவலகத்துக்கும் கொடுத்துவிடுங்கள். தளத்தின் பெயரை (டொமைன்) புதுப்பிப்பது, நீர்ச்சோதனை எண்களை மாதந்தோறும் ஏற்றும் ஆள், இரண்டுக்கும் ஐந்து ஆண்டுக்கான செலவை விலைப்புள்ளியில் தனி வரியாக எழுதுங்கள். பேரம் பேசும்போது முதலில் அடிபடுவது அந்த வரிதான். முகப்புப் படவரிசையை விட்டுக்கொடுத்தாவது அதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.