கண்டிஷனர் பாட்டிலின் பின்பக்கத்தைப் படிப்பது எப்படி?

கண்டிஷனர் வாங்கும்போது பாட்டிலின் முன்பக்கத்தை நான் பொருட்படுத்துவதில்லை. ஆர்கன் எண்ணெய், கெரட்டின், பட்டுப் புரதம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால், அது உள்ளே இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். எவ்வளவு இருக்கிறது, முடியில் ஒட்டுமா, அலசும்போது தண்ணீரோடு போய்விடுமா என்பதையெல்லாம் பின்பக்கத்துப் பொடி எழுத்தை வைத்துத்தான் ஊகிக்க முடியும். அதைப் படிக்க வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு விதமான தலை. என்னுடையது மெல்லிய நேர்முடி, நிறம் போடாதது. கொஞ்சம் கனமாக எதையாவது தடவினால் உச்சியில் படிந்து பிசுபிசுத்துவிடும். அக்காவுடையது தடித்த சுருள்முடி, ப்ளீச் செய்து நிறம் ஏற்றியது. குளித்த ஈரத்தில் சீப்பு இறங்கவே இறங்காது. ஒரே பாட்டில் எங்கள் இருவருக்கும் ஒத்துவராது என்பதால், பட்டியலைப் பார்த்துப் பிரித்து வாங்கப் பழகிவிட்டேன்.

முதல் வேலை, பட்டியலில் ஒரு கோடு போடுவது. அதிகம் உள்ள பொருள் முதலில், குறைந்தது பின்னால் என்று எழுத வேண்டும் என்பது பெரும்பாலான நாடுகளில் விதி. ஆனால் 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். அழகான பெயர்கள் எல்லாம் அந்தப் பகுதியின் தொடக்கத்தில் வந்து உட்கார்வது இதனால்தான். அந்த 1 சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று காட்டிக்கொடுக்கும் பெயர் ஃபினாக்ஸிஎத்தனால். கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கு உச்சவரம்பே 1 சதவீதம். அங்கே விற்கும் பாட்டிலில் அதற்குப் பின்னால் எது வந்தாலும் 1 சதவீதத்தைத் தாண்டாது. அந்தப் பெயர் இல்லையென்றால் சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட், டைசோடியம் இடிடிஏ, வாசனையைக் குறிக்கும் பர்ஃப்யூம் ஆகியவற்றில் எது முதலில் வருகிறதோ அங்கே உத்தேசமாகக் கோடு போடுங்கள். கோட்டுக்குக் கீழே ஆர்கன் எண்ணெயும் ஏழெட்டு மூலிகைச் சாறும் வரிசையாக நின்றால், அவற்றை நம்பி வாங்க வேண்டாம்.

அடுத்து, முடியில் ஒட்டுவது எது என்று தேட வேண்டும். கண்டிஷனரின் உயிரே இதில்தான் இருக்கிறது, இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். முடியின் வெளிப்புறத்தில் மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று இயற்கையாகவே பிணைந்திருக்கிறது. ப்ளீச்சும் காரத்தன்மையுள்ள நிறமூட்டிகளும் அதை அரித்துவிடும். அப்புறம் அந்த இடம் தண்ணீரை இழுக்கும், சொரசொரப்பாகும், எதிர்மின்னூட்டமும் கூடும். ஷாம்பூ போட்டு அலசிய முடியின் மேற்பரப்பில் எப்போதும் கொஞ்சம் எதிர்மின்னூட்டம் இருக்கும், பழுதான நுனியில் இன்னும் அதிகம். ஆகவே நேர்மின்னூட்டம் உள்ள மூலக்கூறு எதுவாக இருந்தாலும் முடியைப் பற்றிக்கொள்ளும், அலசினாலும் முழுதாகப் போகாது. பழுதான இடத்தில் கூடுதலாகவே ஒட்டும்.

அந்த மூலக்கூறுகளைப் பெயரின் வாலை வைத்தே அடையாளம் காணலாம். '-மோனியம் குளோரைடு', '-மோனியம் மெத்தோசல்ஃபேட்', '-அமிடோப்ரோப்பில் டைமெத்திலமைன்' என்று முடிபவை இவைதான். முன்பாதி, கார்பன் சங்கிலி எவ்வளவு நீளம் என்று சொல்லும். பெஹென் என்றால் 22 கார்பன், ஸ்டியர் என்றால் 18, செட் என்றால் 16. சங்கிலி நீள நீள வழவழப்பும் கூடும், கனமும் கூடும். அக்காவுக்கு நான் தேடுவது பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு அல்லது பெஹென்ட்ரைமோனியம் மெத்தோசல்ஃபேட், அதுவும் முதல் நான்கைந்து பெயர்களுக்குள். எனக்கு செட்ரிமோனியம் குளோரைடோ ஸ்டியரமிடோப்ரோப்பில் டைமெத்திலமைனோ போதும். இரண்டாவதாகச் சொன்னது தானாக மின்னூட்டம் பெறாது, அமிலம் சேர்த்தால்தான் வேலை செய்யும். அதனால் அதே பட்டியலில் லாக்டிக் அமிலமோ சிட்ரிக் அமிலமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

மெத்தோசல்ஃபேட் என்ற பெயரைப் பார்த்து, சல்ஃபேட் வேண்டாம் என்று பாட்டிலைத் திருப்பி வைப்பவர்கள் உண்டு. அது நுரைக்கும் சல்ஃபேட் அல்ல, முடியை வறட்டாது. செட்டில், ஸ்டியரில், செட்டியரில் ஆல்கஹால்களும் அப்படித்தான். இவை மெழுகு போன்ற கொழுப்புப் பொருள்கள். கண்டிஷனர் கெட்டியான க்ரீமாக இருப்பதற்கும் மேலே சொன்ன மூலக்கூறுகள் முடியில் பரவுவதற்கும் இவையே காரணம். ஆவியாகி வறட்டக்கூடியது ஆல்கஹால் டீனேச்சர்டு. அது பட்டியலின் மேற்பகுதியில் இருந்தால் நான் எடுக்கமாட்டேன். பெஹென்ட்ரைமோனியம் குளோரைடுக்கு அடுத்தாற்போல் ஐசோப்ரொப்பில் ஆல்கஹால் வந்தால் பயப்பட வேண்டாம். மூலப்பொருளாக வரும்போதே அதில் கரைப்பானாகக் கலந்திருப்பது, அளவும் சொற்பம்.

இனி சிலிக்கோன். முடியை மூச்சுமுட்ட வைக்கும் என்று சொல்வார்கள். தலையில் வளர்ந்து நிற்கும் முடி உயிரற்றது, அதற்கு மூச்சே கிடையாது. கேட்க வேண்டியது, எந்தச் சிலிக்கோன், எவ்வளவு என்பதுதான். டைமெதிகோன் எல்லா இடத்திலும் படலம் போடும். பளபளப்பும் சிக்கெடுக்கும் சுகமும் கிடைக்கும், மெல்லிய முடியாக இருந்தால் அமுங்கிப்போகும். அமோடைமெதிகோனில் நேர்மின்னூட்டம் பெறக்கூடிய அமைன் தொகுதி இருப்பதால் அது பழுதான இடத்தைத் தேடி ஒட்டுகிறது. ப்ளீச் செய்த முடிக்கு இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை, கோட்டுக்குக் கீழே இருந்தாலும் வேலை செய்யும். பெயருக்கு முன்னால் 'பெக்-12' போல எண்ணோடு வரும் சிலிக்கோன்களில் பல தண்ணீரில் கரையும், அலசும்போதே பெரும்பாலும் போய்விடும். சைக்ளோபென்டாசிலாக்சேன் காற்றில் ஆவியாகிவிடும். சுற்றுச்சூழலில் தங்கிவிடுகிறது என்பதால், அலசிவிடும் பொருள்களில் அது 0.1 சதவீதத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் இருந்து கட்டுப்படுத்தியிருக்கிறது.

கண்டிஷனர் தயாரிப்பவர்களுக்கு அமோடைமெதிகோனைப் பெரும்பாலும் தண்ணீரோடு கலந்த குழம்பாகத்தான் (எமல்ஷன்) விற்கிறார்கள். அந்தக் குழம்பில் ட்ரைடெசெத்-12, செட்ரிமோனியம் குளோரைடு இரண்டும் அடிக்கடி இருக்கும். பட்டியலின் கடைசியில் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், அந்தச் செட்ரிமோனியத்தை முக்கியப் பொருளாகக் கணக்கில் எடுக்காதீர்கள். முக்கியமானது மேலே இருக்கிறதா என்று தனியாகத் தேடுங்கள்.

எண்ணெய்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவும். தேங்காய், சூரியகாந்தி, கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் வெளியான ஆய்வில், முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். ஆனால் அது எண்ணெயையே தடவிப் பார்த்த சோதனை. அலசிவிடும் கண்டிஷனரில் ஒரு துளி இருந்தால் அதே பலன் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. புரதம் வேண்டுமென்றால் 'ஹைட்ரலைஸ்டு' என்ற அடைமொழி இருக்கிறதா பாருங்கள், உடைத்த சிறு துண்டுகள் என்று பொருள். பெயரில் 'ஹைட்ராக்ஸிப்ரொப்பில்ட்ரைமோனியம்' என்றும் இருந்தால் அதற்கும் நேர்மின்னூட்டம் உண்டு, ஒட்டி நிற்கும். கிளிசரின் தண்ணீரில் கரைவது, அலசினால் பெரும்பகுதி ஓடிவிடும். முடியிலேயே விட்டுவிடும் லீவ்-இன் வகையில்தான் அதற்கு மதிப்பு.

இரண்டு பாட்டிலை ஒப்பிடும்போது நான் ஒரு தாளில் கோட்டுக்கு மேலே உள்ளவற்றை மட்டும் எழுதுவேன்: ஒட்டும் பொருள், கொழுப்பு ஆல்கஹால், எண்ணெய், சிலிக்கோன். ஒரு பாட்டிலில் தண்ணீர், செட்டியரில் ஆல்கஹால், பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, டைமெதிகோன், அப்புறம் ஃபினாக்ஸிஎத்தனால் என்று இருக்கிறது. இன்னொன்றில் தண்ணீர், செட்டில் ஆல்கஹால், ஸ்டியரமிடோப்ரோப்பில் டைமெத்திலமைன், கிளிசரின், லாக்டிக் அமிலம், அப்புறம் ஃபினாக்ஸிஎத்தனால் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது அக்காவுக்கு, இரண்டாவது எனக்கு. முன்பக்கத்தில் எது எழுதியிருந்தாலும் இந்த முடிவு மாறாது. கோட்டுக்கு மேலே இரண்டும் ஒன்றுபோலவே இருந்தால் விலை குறைந்ததை எடுங்கள். ஒன்றில் மூன்றாவது இடத்தில் இருப்பதும் மற்றதில் மூன்றாவதாக இருப்பதும் ஒரே அளவு என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றில் 4 சதவீதமாகவும் மற்றதில் 1.5 சதவீதமாகவும் இருக்கலாம். பட்டியல் அதைச் சொல்லாது, முடியில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

தோல் சீக்கிரம் அரிக்கும் என்பவர்கள் கோட்டுக்குக் கீழேயும் ஒரு பெயர் விடாமல் படிக்க வேண்டும். மெத்தில்ஐசோதயசோலினோன் பலருக்கு ஒவ்வாமை தரும் பதப்பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அலசிவிடும் பொருளில் 0.0015 சதவீதம் வரைதான் அனுமதி, தோலிலும் முடியிலும் விட்டுவிடும் வகையில் தடை. லிமோனீன், லினலூல் போன்ற வாசனைப் பொருள்களும் அங்கே பெயரோடு இருக்கலாம். அக்காவுக்குக் கழுத்தோரத்தில் தடிப்பு வரும் என்பதால், இந்தப் பெயர்கள் இருந்தால் மற்ற எல்லாம் பொருந்தினாலும் வேண்டாம் என்று வைத்துவிடுகிறோம்.

ஒத்துப்போன பாட்டில் கிடைத்ததும் அதன் பின்பக்கத்தைக் கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். அதே பெயரில், அதே நிறப் பாட்டிலில், உள்ளே இருப்பதை மட்டும் மாற்றி விற்பது சகஜம். அடுத்த முறை வாங்கும்போது படத்தோடு ஒப்பிட்டுக் கோட்டுக்கு மேலே உள்ளவை மாறவில்லை என்றால் எடுத்துக்கொள்ளலாம்.