மோடம் மாற்றிய அன்றே ரவுட்டர் கெட்டுப்போகுமா?

போன ஐப்பசியில் இடி இடித்த ஒரு ராத்திரி எங்கள் வீட்டு ஃபைபர் மோடம் போய்விட்டது. மறுநாள் மதியம் டெக்னீஷியன் தம்பி வந்து பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார். தன் போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, "நெட் வந்துருச்சு சார்" என்றார். கீழே வந்தது உண்மைதான். மாடியில் நாங்கள் சொந்தமாக வாங்கி வைத்திருந்த ரவுட்டரில் மட்டும் வரவில்லை. "அது உங்க ரவுட்டர் சார், அதுல நாங்க கை வைக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

நான் ஒரு ஊக்கை எடுத்து, ரவுட்டரின் முதுகில் உள்ள குட்டி ஓட்டையில் குத்திப் பத்து நொடி பிடித்தேன். விளக்குகள் எல்லாம் ஒருமுறை அணைந்து எரிந்தன. நெட்டும் வந்துவிட்டது.

நெட் வந்ததுதான் வினை. வராமல் இருந்திருந்தால் தவறு செய்துவிட்டோம் என்று அப்போதே தெரிந்திருக்கும். வந்ததால், சாமர்த்தியசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அரை மணி நேரத்தில் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. டிவி நெட்டைப் பிடிக்கவில்லை, பிரிண்டர் காணோம், வாசல் கேமரா செத்துவிட்டது. வைஃபை பெயர், பாஸ்வேர்ட், கேமராவுக்காகச் செய்திருந்த அமைப்பு, நெட் கம்பெனி கொடுத்த யூசர்நேம் என நாலு வருடமாகச் சேர்த்து வைத்த எல்லாமே அந்தப் பத்து நொடியில் போய்விட்டன. ரவுட்டர் கெட்டே போகவில்லை என்பது மறுநாள்தான் புரிந்தது. ஒரே ஒரு தேர்வை மாற்றியிருந்தால் போதும், வேலை முடிந்திருக்கும்.

ஆகவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. சுவிட்சை அணைத்துப் போடுவது ரீஸ்டார்ட். அதை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். ஊக்கால் குத்துவது ரீசெட். அது ரவுட்டரைக் கடையிலிருந்து வாங்கிவந்த நாளுக்கே கொண்டுபோய்விடும். கட்டாயம் செய்தே ஆகவேண்டும் என்றால், முன்னதாக அமைப்புப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுத்து வையுங்கள். பல ரவுட்டர்களில் 'பேக்கப்' என்றே ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் எல்லா அமைப்பும் ஒரு கோப்பாக இறங்கிவிடும்.

டயல் செய்வது யார்?

நாம் மோடம் என்று சொல்லும் பெட்டிக்குள் உண்மையில் மூன்று வேலைகள் நடக்கின்றன. ஃபைபரில் வரும் ஒளியைக் கேபிளில் போகும் சிக்னலாக மாற்றுவது ஒன்று. யூசர்நேம், பாஸ்வேர்ட் சொல்லி நெட் கம்பெனியிடம் இணைப்பு வாங்குவது இன்னொன்று. இதைத்தான் பிபிபிஓஇ என்கிறார்கள், லைன் பார்ப்பவர்கள் வாயில் 'டயல் ஆகிறது'. வீட்டுக்குள் எல்லோருக்கும் நெட்டைப் பகிர்ந்து கொடுப்பது மூன்றாவது.

மோடம் முதல் வேலையை மட்டும் செய்துவிட்டு மற்ற இரண்டையும் உங்கள் ரவுட்டரிடம் விட்டால், அது பிரிட்ஜ் மோடு. மூன்றையும் தானே செய்தால் ரவுட்டர் மோடு. எங்கள் பழைய மோடம் பிரிட்ஜில் இருந்தது, அதாவது டயல் செய்தது மாடி ரவுட்டர். புதிய மோடமில் அந்தத் தம்பி அதே யூசர்நேமைப் போட்டு மோடமையே டயல் செய்ய வைத்துவிட்டார். பெரும்பாலும் ஒரு யூசர்நேமுக்கு ஒரு இணைப்புதான் கொடுப்பார்கள். போதாததற்கு, மாடி ரவுட்டர் தட்டிய கதவுக்குப் பின்னால் இப்போது கம்பெனி இல்லை, புது மோடம்தான் நின்றது. அது தான் டயல் செய்யுமே தவிர, தன்னிடம் வரும் டயலுக்குப் பதில் சொல்லாது. ரவுட்டர் என்ன செய்யும்?

இதற்கு மருந்து, ரவுட்டரின் வேன் அமைப்பில், அதாவது வெளியுலகத்தை நோக்கிய பக்கத்தில், 'பிபிபிஓஇ' என்று இருப்பதை 'டைனமிக் ஐபி' என்று மாற்றுவது (ஐபி என்பது நெட்டில் ஒரு கருவியின் எண் முகவரி; டைனமிக் என்றால் மோடம் கொடுக்கும் முகவரியை அப்படியே வாங்கிக்கொள்வது), அவ்வளவே. ரீசெட் செய்ததும் நெட் வந்த மர்மமும் இதுதான். என் ரவுட்டர் கடையிலிருந்து வந்தபோதே டைனமிக் ஐபியில்தான் இருந்தது.

எனவே டெக்னீஷியன் வாசலைத் தாண்டுவதற்குள் கேட்க வேண்டிய கேள்வி, "தம்பி, இது பிரிட்ஜ்ல இருக்கா, ரவுட்டர் மோடுல இருக்கா?" பிரிட்ஜ் என்றால் யூசர்நேமும் பாஸ்வேர்டும் வாங்கிக்கொள்ளுங்கள். விலான் எண் (ஒரே லைனில் வரும் சேவைகளைப் பிரித்துக் காட்டும் எண்) ஏதாவது போட வேண்டுமா, பிரிட்ஜ் எந்த லேன் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளுக்கான கேபிள் துளையில்) வருகிறது என்பதையும் கேளுங்கள். சில மோடம்களில் முதல் போர்ட்டில் மட்டும் பிரிட்ஜ் கட்டியிருப்பார்கள். பக்கத்துப் போர்ட்டில் செருகிவிட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தாலும் ஒன்றும் வராது.

வேன் ஐபியைப் பார்க்காமல் கேபிளைப் பிடுங்குவது

நெட் வரவில்லை என்றதும் கேபிளைக் கழற்றி மாட்டுவதுதான் எல்லோருடைய கையும் முதலில் செய்யும் வேலை. அதைவிட ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து, வேன் ஐபி என்று எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள். (வேன் என்றால் வெளியுலகத்தை நோக்கிய வாசல். பெரும்பாலும் நீல நிறத்திலோ மற்றவற்றிலிருந்து தள்ளியோ இருக்கும் போர்ட்.) டாக்டர் நாடி பிடிப்பது மாதிரி, அந்த ஒரு எண் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

0.0.0.0 என்று இருந்தால் ரவுட்டருக்கு எதுவுமே வந்து சேரவில்லை. கேபிள் தவறான போர்ட்டில் இருக்கலாம், டயல் ஆகாமல் இருக்கலாம். இடி மின்னலுக்குப் பிறகு என்றால் இன்னொன்றையும் சந்தேகப்பட வேண்டும். ஃபைபர் கண்ணாடி இழை, அதன் வழியே மின்சாரம் வராது. ஆனால் அடாப்டர் வழியாக மோடமுக்குள் புகுந்த மின்சாரம் லேன் கேபிள் வழியே ரவுட்டரின் வேன் போர்ட்டையும் சேர்த்துத் தின்றிருக்கலாம். அதே கேபிளை ரவுட்டரின் வேறொரு போர்ட்டில் செருகிப் பாருங்கள். அங்கே விளக்கு எரிந்து, வேன் போர்ட்டில் மட்டும் எரியவில்லை என்றால் அந்தப் போர்ட் காலி. அப்போதும் ரவுட்டரைக் குப்பையில் போட வேண்டாம், வழி இருக்கிறது.

192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால், நெட் கம்பெனிக்கும் உங்கள் ரவுட்டருக்கும் நடுவே இன்னொரு பெட்டி பகிர்ந்து கொடுத்துக்கொண்டிருக்கிறது. 192.168 என்றால் பெரும்பாலும் உங்கள் வீட்டு மோடமேதான், அது ரவுட்டர் மோடில் இருக்கிறது. 100.64 முதல் 100.127 வரை என்றால் நெட் கம்பெனியே பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைக் கொடுக்கிறது. முகவரித் தட்டுப்பாட்டால் 2012இல் இதற்கென்றே ஒதுக்கிய எண்கள் இவை. இது கோளாறு அல்ல. ஆனால் வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் அழைப்பை வீட்டுக் கருவிக்குத் திருப்பிவிடும் அமைப்பு) போட்டு வைத்திருந்தவர்களுக்கு இனி அது வேலை செய்யாது. கேமரா கம்பெனியின் கிளவுட் ஆப் வழியே பார்ப்பவர்களுக்குக் கவலையில்லை.

கம்ப்யூட்டரில் 169.254 என்று ஓர் எண் தெரிந்தால் அது யாரும் கொடுத்த முகவரி அல்ல. கேட்டுக் கேட்டுப் பார்த்துக் கிடைக்காமல், கம்ப்யூட்டர் தனக்குத்தானே சூட்டிக்கொண்ட பெயர்.

இரண்டு பெட்டிகளும் ஒரே முகவரியில்

பழைய மோடம் பிரிட்ஜில் இருந்தவரை தலைதூக்காத சிக்கல் இது. மோடமும் 192.168.1.1, ரவுட்டரும் 192.168.1.1. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் மாதிரி. தபால்காரர் குழம்பாமல் என்ன செய்வார்? சில ரவுட்டர்கள் இதைக் கண்டுபிடித்துத் தாமே வேறு எண்ணுக்கு மாறிக்கொள்ளும். மாறாதவற்றில் நாம்தான் ரவுட்டரின் லேன் முகவரியை 192.168.10.1 என்பது போல் மாற்றவேண்டும். மாற்றியதும் அமைப்புப் பக்கத்தைப் புது எண்ணில்தான் திறக்க வேண்டும். பழைய எண்ணையே அடித்துவிட்டு ரவுட்டர் செத்துவிட்டது என்று முடிவுகட்டியவர்கள் உண்டு.

எண்ணை மாற்றினால், பழைய எண்ணில் நிலையாகக் கட்டிவைத்த கருவிகள் அநாதையாகிவிடும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். எங்கள் கேமராப் பெட்டிக்கு நான் 192.168.10.50 என்று நிலையாகக் கொடுத்திருந்தேன். ரீசெட்டுக்குப் பிறகு ரவுட்டர் 192.168.0.1 ஆகிவிட்டது. கேமரா பாவம், இல்லாத தெருவில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மானிட்டரையும் மவுசையும் மாட்டிக்கொண்டு பரண் மேல் குனிந்து உட்கார்ந்து அந்த எண்ணை மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. ரவுட்டரை மறுபடி 10.1க்குக் கொண்டுபோயிருந்தால் இரண்டு நிமிட வேலை. அது திங்கட்கிழமைதான் உறைத்தது.

நிலையான எண் கட்டும்போது டிஎன்எஸ் (இணையதளப் பெயருக்கு உரிய எண்ணைத் தேடிச் சொல்பவர்) என்ற இடத்தில் பழைய மோடமின் முகவரியை எழுதி வைத்திருந்தாலும் இதே கதிதான். ஜியோ ஃபைபர் மோடம் 192.168.29.1 என்றிருக்கும், வேறு கம்பெனி மோடம் 192.168.1.1 என்றிருக்கும். மோடம் மாறினால் அந்த எண்ணில் பதில் சொல்ல ஆளில்லை. நெட் இருக்கும், ஆனால் எந்தப் பக்கமும் திறக்காது.

மாடிக்கு எளிய வழி

என் கருத்தில், மோடம் ரவுட்டர் மோடில் வந்துவிட்ட வீட்டில் மல்லுக்கட்டி மறுபடி பிரிட்ஜ் கேட்பது பாதிப்பேருக்குத் தேவையில்லாத வேலை. வீடியோ பார்ப்பது, வாட்ஸ்ஆப் கால், ஆன்லைன் வகுப்பு என்றால் நடுவில் இரண்டு பெட்டி இருப்பது தெரியவே தெரியாது. சொந்த சர்வர் வைத்திருப்பவர்கள், விளையாட்டுக் கன்சோலில் இணைப்பு ஒத்துழைக்காதவர்கள் ஆகியோருக்கு மட்டும் பிரிட்ஜ் அவசியம்.

மற்றவர்கள் ரவுட்டரை 'அக்செஸ் பாயின்ட்' மோடில் போட்டுவிடலாம். அப்போது அது வைஃபை மட்டும் பரப்பும், கணக்கு வழக்கெல்லாம் மோடம் பார்த்துக்கொள்ளும். அந்தத் தேர்வு இல்லாத பழைய ரவுட்டர் என்றால், மோடமிலிருந்து வரும் கேபிளை ரவுட்டரின் லேன் போர்ட்டில் செருக வேண்டும். வேன் போர்ட் செத்துப்போன ரவுட்டருக்கும் இதுதான் மறுவாழ்வு. செருகும் முன்பு ரவுட்டரின் முகவரியை மோடம் இருக்கும் தெருவிலேயே வேறு கதவு எண்ணுக்கு, அதாவது 192.168.1.2 என்பது போல மாற்றிவிட்டு, டிஹெச்சிபியை, அதாவது கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலையை, ரவுட்டரில் நிறுத்த வேண்டும். அந்த எண்ணை மோடம் வேறு யாருக்கும் கொடுக்காதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஹெச்சிபியை நிறுத்த மறப்பதுதான் இதில் நடக்கும் தவறு. ஒரே ரேஷன் கடையில் இரண்டு பேர் தனித்தனியாக டோக்கன் கொடுத்த கதையாகிவிடும். அக்கா போனில் நெட் வரும், அப்பா போனில் வராது, சாயங்காலம் அப்பா போனில் வந்து அக்கா போனில் நின்றுவிடும். இப்படி ஆளுக்கொரு நேரம் வந்து போனால் வைஃபை சிக்னலைக் குறை சொல்லாதீர்கள், டிஹெச்சிபியைப் பாருங்கள்.

வேகம் 94இல் நிற்கிறதா?

300 எம்பிபிஎஸ் பிளானில், எந்த நேரம் சோதித்தாலும் 94, 95 என்று பிடித்து வைத்தாற்போல் நின்றால் அது கம்பெனியின் ஏமாற்று அல்ல. லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் உண்டு. அதில் ஒன்று சரியாகத் தொடவில்லை என்றாலும் பல பெட்டிகள் 100க்கு இறங்கிவிடும். மோடமோடு வரும் குட்டிக் கேபிள்களில் சிலவற்றில் நாலு கம்பிதான் இருக்கும். சில மோடம்களில் போர்ட்டே 100 வேகம்தான், அல்லது ஒரு போர்ட் மட்டும் ஜிகாபிட், அதாவது 1000. கேபிளை மாற்றுங்கள், அப்புறம் போர்ட்டை மாற்றிப் பாருங்கள். கஸ்டமர் கேருக்குப் பிறகு போகலாம்.

ஃபைபர் பக்கம் நாம் செய்வதற்கு அதிகமில்லை. மோடமில் எல்ஓஎஸ் விளக்கு (ஒளி வரவில்லை என்று காட்டுவது) சிவப்பாக எரிந்தால் ரவுட்டரில் என்ன செய்தும் பயனில்லை, லைன்தான் வரவில்லை. புது மோடமை ஓரமாக ஒதுக்கிவைக்கிறேன் என்று ஃபைபரை முழம்போட்டு மடித்து மேசைக்குப் பின்னால் திணிப்பதுதான் இதில் நாம் செய்யும் பாவம். மடிப்பில் ஒளி கசிந்துவிடும். பச்சைத் தலைக் கனெக்டரின் முகம் 8 டிகிரி சாய்வாகத் தீட்டியது, நீலத் தலை அப்படியல்ல. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும், ஆனால் பொருந்தாது. மோடம் பக்கத்தில் வரும் ஒளியின் அளவு -8க்கும் -27 டிபிஎம்முக்கும் நடுவே இருக்க வேண்டும். -20 அருகே என்றால் நிம்மதி, -27ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் அடிக்கடி அறுந்து போகும். கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கக் கூடாது. வருகிற ஒளி கண்ணுக்குத் தெரியாது, அதனால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை.

கடையில் ஒரு ஃபைபர் மோடம் வாங்கித் தாமே மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. மோடமின் சீரியல் எண்ணைக் கம்பெனி தன் பக்கம் பதிந்தால்தான் பொதுவாக லைன் எழும்பும், ஆகவே முதலில் அவர்களிடம் கேளுங்கள்.

வைஃபை பெயரும் அடாப்டரும்

மோடம் வைஃபையையே பயன்படுத்துபவர்கள், பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்து பிசகாமல் புதியதில் வைத்துவிட்டால் பெரும்பாலான கருவிகள் தாமே சேர்ந்துகொள்ளும். பெயரை மட்டும் வைத்துப் பாஸ்வேர்டை மாற்றினால் ஒவ்வொரு கருவியும் பழைய பாஸ்வேர்டோடு முட்டிக்கொண்டே இருக்கும். பழைய டிவியும் ஸ்மார்ட் பல்பும் சேர மறுத்தால் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று இருக்கிறதா பாருங்கள், டபிள்யூபிஏ2க்கு மாற்றினால் சேரலாம். பல பல்புகளுக்கு வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும்.

அடாப்டர்களைக் குழப்பிவிடாதீர்கள். முனை ஒரே மாதிரி இருக்கும், உள்ளே இருப்பது வேறு. வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம். 12 வோல்ட் 1.5 ஆம்பியர் கேட்கும் புது மோடமைப் பழைய 0.5 ஆம்பியர் அடாப்டரிலோ மினி யுபிஎஸ்ஸிலோ மாட்டினால் விளக்கு எரியும், நெட்டும் வரும். நாலு பேர் சேர்ந்து வீடியோ பார்க்கும்போது மட்டும் அணைந்து எழும். நாம் ரவுட்டரைத்தான் திட்டுவோம்.

பழைய மோடமைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள் என்றால், அது உயிரோடு இருக்கும் பட்சத்தில் ஊக்கை அங்கே பயன்படுத்துங்கள். உங்கள் வைஃபை பாஸ்வேர்ட் அதற்குள்தான் இருக்கிறது. கொடுத்ததற்கு ரசீதோ எஸ்எம்எஸ்ஸோ வாங்கிக்கொள்ளுங்கள். டெபாசிட் கட்டியவர்களுக்குக் கணக்கை மூடும்போது அதைத்தான் கேட்பார்கள்.